ரசீதைக் காணோமா? ஆளைச் சந்தேகிக்கும் முன் ஐந்து இடங்களில் தேடுங்கள்

சிறு வணிகர்களுக்கான தொலைக்காட்சிக் கருத்தரங்கில், கணினியில் கணக்கு வைப்பதில் ஏற்படும் சிக்கல்கள் குறித்துக் கணக்காளர் ஒருவர் ஆற்றிய உரையும், பார்வையாளர்கள் கேட்ட கேள்விகளுக்கு அவர் அளித்த பதில்களும் வாசகர்களுக்காக இங்கே தரப்படுகின்றன.



எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு 'கணினியில் காணாமல் போகும் ரசீதுகள்' என்பதாகும். கேட்பதற்குச் சின்ன விஷயம் போலத் தோன்றும். ஆனால் கணக்கு எழுதும் தொழிலில் இருக்கும் எங்களுக்கு, ஆண்டு முழுவதும் வரும் தொலைபேசி அழைப்புகளில் பெரும்பகுதி இதைப் பற்றியதுதான். "சார், வாடிக்கையாளர் பணம் கட்டிவிட்டேன் என்கிறார், கணினியில் ரசீது இல்லை" என்பார்கள். அடுத்த வாக்கியம் பெரும்பாலும், "யாரோ எடுத்திருக்கிறார்கள் சார்" என்பதாக இருக்கும். அந்த இரண்டாவது வாக்கியத்தைச் சொல்வதற்கு முன் என்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் இன்று பேசப்போகிறேன்.

ஒரு கடையில் நடந்தது

கிள்ளானில் வாகன உதிரிப்பாகம் விற்கும் கடை ஒன்று. முதலாளி, அவருடைய தங்கை மகன், கல்லாவில் ஒன்பது ஆண்டுகளாக வேலை பார்க்கும் ஒரு பெண்மணி, சாமான் எடுத்துக் கொடுக்க இரண்டு பையன்கள். ஒரு மாதக் கடைசியில் எல்லா வாடிக்கையாளர்களுக்கும் பாக்கிப் பட்டியல் அனுப்பினார்கள். லோரிப் பட்டறை வைத்திருக்கும் ஒருவருக்கு 860 வெள்ளி பாக்கி என்று போயிற்று.

அவர் உடனே தொலைபேசியில் அழைத்தார். "அண்ணே, போன மாசமே ரொக்கமா கொண்டாந்து கட்டிட்டேனே. கல்லாவில அக்காதான் வாங்கினாங்க" என்றார். முதலாளி கணினியில் தேடினார். அந்தப் பட்டறையின் பெயரில் ரசீது இல்லை. வங்கி அறிக்கையை எடுத்துப் பார்த்தார். 860 வெள்ளி என்று ஒரு வரவும் இல்லை. அடுத்த மாதமும் அதே பாக்கிப் பட்டியல் போயிற்று. பட்டறைக்காரர் கோபத்தோடு கடைக்கே வந்துவிட்டார்.

முதலாளி நாலு பேர் முன்னிலையில் கல்லாப் பெண்மணியைப் பார்த்து, "ஏம்மா, அந்தக் காசு எங்கதான் போச்சு?" என்று கேட்டார். அந்த அம்மா ஒன்றும் பேசவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை. மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டார்கள்.

அந்த 860 வெள்ளி எங்கே இருந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில், பணம் கணினிக்குள் எப்படிப் போகிறது என்பதைப் பார்த்துவிடுவோம்.

மூன்று காகிதம், மூன்று பதிவு

கடன் விற்பனையில் மூன்று காரியங்கள் நடக்கின்றன. சாமானைக் கொடுக்கும்போது விலைப்பட்டியல், அதாவது இன்வாய்ஸ் எழுதுகிறோம். "நீங்கள் எனக்கு இவ்வளவு தரவேண்டும்" என்பது அதன் பொருள். பணம் கைக்கு வந்ததும் ரசீது எழுதுகிறோம். "தந்துவிட்டீர்கள், பெற்றுக்கொண்டேன்" என்பது அதன் பொருள். பிறகு அந்தப் பணத்தை வங்கியில் போட்டுச் சிலிப் வாங்கி வருகிறோம். "கையில் இருந்த பணம் வங்கிக்குப் போயிற்று" என்பது அதன் பொருள்.

பேரேட்டில் எழுதிய காலத்தில் இந்த மூன்றையும் ஒரே கணக்குப்பிள்ளை ஒரே மேசையில் உட்கார்ந்து எழுதினார். ஒன்றை மறந்தால் அடுத்த பக்கத்தைத் திருப்பும்போது அவருக்கே நினைவு வந்துவிடும். கணினியில் இவை மூன்றும் மூன்று தனித்தனித் திரைகள். ஒன்றைச் செய்துவிட்டு மற்றொன்றை விட்டுவிட்டாலும் மென்பொருள் அதை ஏற்றுக்கொள்ளும். நாம் எந்த இடத்தில் வைக்கச் சொன்னோமோ அந்த இடத்தில் வைத்துவிட்டு அமைதியாக இருக்கும்.

ஆகவே 'காணாமல் போன' ரசீதுகளில் பெரும்பாலானவை காணாமல் போனவை அல்ல. நாம் தேடும் இடத்தில் இல்லை, அவ்வளவுதான்.

முதல் விதி: மறுபடியும் பதியாதீர்கள்

ரசீதைக் காணோம் என்றதும் பலர் செய்யும் முதல் வேலை, "சரி, இன்னொரு தடவை போட்டுவிடுவோம்" என்று மறுபடியும் பதிவதுதான். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஒரு சின்னத் தவறு பெரிய தவறாக மாறுவது அந்த இடத்தில்தான்.

ஒரு கணக்கைப் பாருங்கள். 860 வெள்ளிக்கு இன்வாய்ஸ் போட்டபோதே உங்கள் விற்பனைக் கணக்கில் 860 வெள்ளி ஏறிவிட்டது. பணம் வந்ததும் ரசீது பதியும்போது விற்பனை கூடாது. பாக்கி மட்டும் குறையும். ஆனால் ரசீதைக் காணோம் என்று சொல்லி, வங்கிக்கு வந்த பணத்தைப் புதிய ரொக்க விற்பனையாகப் பதிந்தால் என்ன ஆகும்? விற்பனை 1,720 வெள்ளி என்று காட்டும். வங்கி இருப்பு சரியாகவே இருக்கும். அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. ஆண்டு முடிவில், நீங்கள் சம்பாதிக்காத 860 வெள்ளிக்கும் சேர்த்து வரி கட்டுவீர்கள்.

எனவே தேடி முடிக்கும்வரை விசைப்பலகையில் கை வைக்க வேண்டாம். முதலில் மூன்று சான்றுகளைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று, ரசீதுப் புத்தகத்தின் கார்பன் நகல். இரண்டு, அந்த மாதத்து வங்கி அறிக்கையும் பணம் போட்ட சிலிப்புகளும். மூன்று, வாடிக்கையாளரிடம் இருக்கும் ரசீது அல்லது பணம் அனுப்பியதற்கான கைப்பேசிப் பதிவு. பணம் வந்ததா இல்லையா என்பதை இந்தக் காகிதங்கள் சொல்லும். வந்த பணத்தைக் கணினியில் எங்கே வைத்தோம் என்பதுதான் அடுத்த கேள்வி.

தேடும்போது பெயரை வைத்துத் தேடாமல் தொகையை வைத்துத் தேடுங்கள். பெயரில் பிழை வரலாம். 860.00 என்பதில் பிழை வருவது குறைவு. ஏறக்குறைய எல்லாக் கணக்கு மென்பொருளிலும் தொகையைக் கொடுத்துத் தேடும் வசதி இருக்கிறது. தேதிக் கட்டத்தைக் காலியாக விடுங்கள், அல்லது எல்லாத் தேதிகளும் என்று மாற்றுங்கள். பாதிச் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும். தீரவில்லை என்றால் இந்த ஐந்து இடங்களில் பாருங்கள்.

முதல் இடம்: தேதி

கணினியில் 03/04 என்று தட்டினால் நமக்கு அது ஏப்ரல் 3. அமெரிக்க முறையில் அமைக்கப்பட்ட கணினிக்கு அது மார்ச் 4. ஏப்ரல் மாதப் பட்டியலில் தேடினால் எப்படிக் கிடைக்கும்? ஜனவரி மாதத்தில் இன்னொரு தொல்லை. கை பழக்கத்தில் போன ஆண்டையே போட்டுவிடுவோம். அந்த ரசீது முடிந்துபோன ஆண்டுக் கணக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

பின் தேதியிட்ட காசோலையும் இந்த வகைதான். வாடிக்கையாளர் இன்று காசோலை தருகிறார். அதில் தேதி இரண்டு மாதம் கழித்து இருக்கிறது. காசோலைத் தேதியிலேயே பதிந்தால், இன்றுவரை உள்ள பட்டியலில் அந்த ரசீது தெரியாது. அந்த நாள் வந்த பிறகுதான் தெரியும். அதற்குள் நாம் இரண்டு முறை பாக்கி கேட்டிருப்போம்.

இரண்டாம் இடம்: வேறு பெயர், வேறு கோப்பு

ஒரே வாடிக்கையாளருக்குக் கணினியில் இரண்டு பெயர் இருப்பது சர்வ சாதாரணம். ஒன்று கடைப் பெயர், மற்றொன்று முதலாளியின் பெயர். அல்லது ஒரே பெயரை இரண்டு விதமான எழுத்துக்கூட்டலில் பதிந்திருப்பார்கள். இன்வாய்ஸ் ஒன்றிலும் ரசீது மற்றொன்றிலும் விழுந்தால், ஒரு பெயரில் பாக்கி நிற்கும். மற்றொரு பெயரில் பணம் மிதமிஞ்சி நிற்கும். வாடிக்கையாளர் பட்டியலை எடுத்து, யார் பெயரிலாவது கழித்தல் குறியோடு தொகை நிற்கிறதா என்று பாருங்கள். அப்படி நின்றால் அது பெரும்பாலும் வேறொருவர் பெயரில் விழுந்த ரசீதாகவோ, இன்வாய்ஸோடு பொருத்தப்படாத பணமாகவோ இருக்கும்.

சில கடைகளில் கோப்பே இரண்டு இருக்கும். நம் நாட்டில் பொருள் சேவை வரி 2015ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் தேதி வந்தபோது பலர் முதன்முறையாகக் கணக்கு மென்பொருள் வாங்கினார்கள். 2018 ஜூன் 1இல் அந்த வரி பூஜ்ய விழுக்காடாகி, செப்டம்பர் 1இல் விற்பனை, சேவை வரி திரும்பி வந்தபோது, பழையதை அப்படியே விட்டுவிட்டுப் புதிய கோப்பு திறந்தவர்கள் உண்டு. இன்னும் இரண்டுமே கணினித் திரையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். புதிதாக வேலைக்கு வந்த பிள்ளை எதைத் திறந்து பதிந்தது என்று பாருங்கள்.

மூன்றாம் இடம்: பொருத்தப்படாத பணம்

வாடிக்கையாளர் 1,000 வெள்ளி கட்டுகிறார். ரசீது பதிந்தாயிற்று. ஆனால் அது எந்த இன்வாய்ஸுக்கான பணம் என்று மென்பொருளுக்குச் சொல்ல வேண்டும். நம் நாட்டில் பரவலாகப் பயன்படும் மென்பொருள்களில் இதை 'நாக்-ஆஃப்' என்பார்கள். ரசீதுத் திரையின் கீழ்ப்பகுதியில் நிற்கும் இன்வாய்ஸ்களில் எதைத் தீர்க்கிறோமோ அதற்கு நேராகக் குறியிட வேண்டும்.

அவசரத்தில் குறியிடாமல் சேமித்துவிட்டால், பணம் வந்தது உண்மை, ரசீது இருப்பதும் உண்மை. ஆனால் இன்வாய்ஸ் தீராமல் நிற்கும். "அறுபது நாள் தாண்டிய பாக்கி" என்று அறிக்கையில் வரும். இதைச் சரிசெய்வது ஒரு நிமிட வேலை. அந்தப் பழைய ரசீதைத் திறந்து இன்வாய்ஸோடு பொருத்த வேண்டும். புதிய ரசீது போடக்கூடாது.

நான்காம் இடம்: வங்கிக்குப் போகாத பணம்

பலரும் தடுமாறும் இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

குவிக்புக்ஸ் போன்ற மென்பொருள்களில் ரசீது பதிந்ததும் பணம் நேராக வங்கிக் கணக்குக்குப் போகாது. நடுவில் ஒரு கணக்கு இருக்கிறது. 'அன்டெபாசிட்டட் ஃபண்ட்ஸ்' என்று பெயர். இணையப் பதிப்பில் 'பேமெண்ட்ஸ் டு டெபாசிட்' என்றும் வரும். நம் கடை வழக்கில் சொன்னால், அது கல்லாப் பெட்டி. வங்கியில் போடும்வரை பணம் அந்தப் பெட்டியில் இருப்பதாகக் கணக்கு.

இந்த ஏற்பாடு எதற்காக? ஒரு நாளில் மூன்று பேர் ரொக்கமாகக் கட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1,250 வெள்ளி, 860 வெள்ளி, 2,740 வெள்ளி. மாலையில் மூன்றையும் சேர்த்து ஒரே சிலிப்பில் வங்கியில் போடுகிறீர்கள். வங்கி அறிக்கையில் வருவது 4,850 வெள்ளி என்ற ஒரே வரி. மென்பொருளில் மூன்று ரசீதுகளையும் தனித்தனியாக வங்கியில் ஏற்றியிருந்தால் அந்த ஒரு வரியோடு ஒப்பிட முடியாது. அதற்காகத்தான் மூன்றையும் பெட்டியில் வைத்து, பிறகு 'டெபாசிட்' திரையில் மூன்றுக்கும் குறியிட்டு, 4,850 என்று ஒரே தொகையாக வங்கிக்கு மாற்றச் சொல்கிறார்கள்.

பலர் அந்த இரண்டாவது படியைச் செய்வதில்லை. அதனால் ரசீதுகள் பெட்டியிலேயே நின்றுவிடும். வங்கி அறிக்கையில் 4,850ஐப் பார்த்தவர், அதற்குரிய பதிவைக் காணோமே என்று புதிய விற்பனையாகப் பதிந்துவிடுவார். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. இந்த நடுக்கணக்கின் இருப்பு எவ்வளவு என்று பாருங்கள். உண்மையில் உங்கள் கல்லாவில் இன்று 600 வெள்ளி இருக்கிறது, மென்பொருள் 38,000 வெள்ளி இருக்கிறது என்று சொன்னால், அந்த 38,000க்குள் 'காணாமல் போன' ரசீதுகள் வரிசையாக நிற்கின்றன என்று பொருள்.

கடன் அட்டையில் வாங்கும் பணத்திலும் இதே குழப்பம் வரும். வாடிக்கையாளர் 500 வெள்ளி தேய்க்கிறார். வங்கி ஒன்றரை விழுக்காடு கட்டணம் பிடிப்பதாக வைத்துக்கொண்டால், கணக்கில் வருவது 492 வெள்ளி 50 காசு. வங்கி அறிக்கையில் 500ஐத் தேடினால் கிடைக்காது. ரசீது 500 என்றே இருக்க வேண்டும். 7 வெள்ளி 50 காசை வங்கிக் கட்டணச் செலவாகத் தனியே காட்ட வேண்டும்.

ஐந்தாம் இடம்: அழிந்தவை, பழைய பிரதிகள்

கடைசியாக, ரசீது உண்மையிலேயே அழிக்கப்பட்டிருக்கலாம். எல்லா அழிப்பும் திருட்டு அல்ல. காசோலை திரும்பி வந்துவிட்டது என்று ரசீதையே அழித்தவர்கள் உண்டு. அது தவறு. ரசீதை இருக்கவிட்டு, காசோலை திரும்பியதைத் தனிப்பதிவாகப் போட வேண்டும். அப்போதுதான் பாக்கி திரும்ப ஏறும். நடந்தது என்ன என்பதும் தெரியும்.

யார், எந்த நாளில், எந்தப் பதிவை மாற்றினார், எதை அழித்தார் என்று காட்டும் அறிக்கை பெரும்பாலான மென்பொருள்களில் உண்டு. 'ஆடிட் டிரெயில்' அல்லது 'ஆடிட் லோக்' என்று தேடுங்கள். சிலவற்றில் அதை முன்கூட்டியே இயக்கி வைத்திருக்க வேண்டும். உங்கள் மென்பொருளில் அது இயங்குகிறதா என்று இன்றே பார்த்துவிடுங்கள்.

கணினி பழுதாகி, பழைய 'பேக்-அப்' பிரதியைத் திரும்ப ஏற்றியிருந்தால், அந்தப் பிரதி எடுத்த நாளுக்குப் பிறகு போட்ட எல்லாமே மறைந்துவிடும். இதை எண்களை வைத்துக் கண்டுபிடிக்கலாம். ரசீதுப் புத்தகத்தில் கடைசி எண் 2417. கணினியில் கடைசி எண் 2389. அப்படியானால் 28 ரசீதுகளையும் வரிசையாகத் திரும்பப் பதிய வேண்டியதுதான். மறுபடியும் பதியலாம் என்று நான் அனுமதி கொடுக்கும் ஒரே இடம் இது.

860 வெள்ளி எங்கே இருந்தது?

இப்போது கிள்ளான் கடைக்குத் திரும்புவோம். நான் போனதும் ரசீதுப் புத்தகத்தைக் கேட்டேன். கார்பன் நகலில் பட்டறைக்காரருக்கு 860 வெள்ளி, ரொக்கம், அந்த அம்மாவின் கையெழுத்து எல்லாம் தெளிவாக இருந்தன. அதே நாளில் இன்னும் இரண்டு ரொக்க ரசீதுகள், 1,250க்கும் 2,740க்கும். மறுநாள் காலை வங்கியில் போட்ட சிலிப் 4,850 வெள்ளி. நான் சற்று முன் சொன்ன கணக்கு இந்தக் கடையின் கணக்குதான்.

கணினியில் தொகையை வைத்துத் தேடினேன். 860 வெள்ளி ரசீது இருந்தது. பட்டறையின் பெயரில் அல்ல, பட்டறைக்காரரின் சொந்தப் பெயரில். எந்த இன்வாய்ஸோடும் பொருத்தப்படாமல், வங்கிக்கு மாற்றப்படாமல், நடுக்கணக்கில் நின்றது. இரண்டாம், மூன்றாம், நான்காம் இடங்கள் மூன்றும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன. வங்கி வரவைப் பார்த்த தங்கை மகன், 4,850ஐப் புதிய ரொக்க விற்பனையாகப் பதிந்திருந்தார். அவர் மேலும் குற்றமில்லை. யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

அதோடு விடவில்லை. அந்த ஆண்டு முழுவதையும் பார்த்தோம். அப்படி இரட்டிப்பாக ஏறிய விற்பனை 31,600 வெள்ளி. நிறுவன வரி 15 விழுக்காடு என்று வைத்துக் கணக்கிட்டாலும், தேவையில்லாமல் கட்டியிருக்க வேண்டிய வரி 4,740 வெள்ளி. ஒரு 860 வெள்ளியைத் தேடப்போய் 4,740 வெள்ளி தப்பியது.

முதலாளி நல்ல மனிதர். அன்று மாலையே அந்த அம்மாவின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டார். அவரும் வேலைக்குத் திரும்பினார். ஆனால் சில மாதங்கள் கழித்து நான் அங்கே போனபோது ஒன்றைக் கவனித்தேன். பக்கத்தில் யாராவது நின்றால்தான் அவர் கல்லாவைத் திறக்கிறார். யாரும் இல்லை என்றால் ஒரு பையனைக் கூப்பிட்டு நிறுத்திக்கொள்கிறார். கணக்கைச் சரிசெய்ய எனக்கு ஒரு நாள் போதுமாக இருந்தது. இதைச் சரிசெய்ய எந்த மென்பொருளிலும் வழி இல்லை.

உண்மையாகவே திருட்டு என்றால்?

அப்படியானால் யாரும் எடுப்பதே இல்லையா என்று கேட்பீர்கள். எடுப்பவர்களும் இருக்கிறார்கள். அதற்கு அடையாளங்கள் உண்டு. ரசீதுப் புத்தகத்தில் எண்கள் விட்டுப்போயிருக்கும், அல்லது நகலோடு சேர்த்துத் தாள் கிழிக்கப்பட்டிருக்கும். ரசீதுத் தேதிக்கும் வங்கியில் போட்ட தேதிக்கும் இடைவெளி மாதத்துக்கு மாதம் கூடிக்கொண்டே போகும். முதலாமவர் கட்டியதை எடுத்துக்கொண்டு, இரண்டாமவர் கட்டியதை முதலாமவர் கணக்கில் வைத்து, மூன்றாமவர் கட்டியதை இரண்டாமவர் கணக்கில் வைப்பது ஒரு பழைய தந்திரம். இப்படிச் செய்பவர் விடுமுறையே எடுக்க மாட்டார்; எடுத்தால் வெளிவந்துவிடும்.

இதைத் தடுக்கப் பெரிய செலவு வேண்டாம். பணம் வாங்குபவர் ஒருவர், கணினியில் பதிபவர் வேறொருவர் என்று வையுங்கள். வங்கி அறிக்கையை முதலாளியே முதலில் பாருங்கள். ஒவ்வொருவருக்கும் தனிப் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுங்கள். கடை முழுவதும் ஒரே கடவுச்சொல் என்றால், தவறு நடக்கும்போது எல்லார் மேலும் சந்தேகம் விழும். தனிக் கடவுச்சொல் இருந்தால் நேர்மையான ஊழியர் தன் நேர்மையைக் காட்ட முடியும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின்படி வணிகப் பதிவுகளை ஏழு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். அந்தப் பதிவுகள் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்க வேண்டும். தமிழில் எழுதி வைக்கும் குறிப்புப் புத்தகம் உங்களுக்கு உதவும். ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு வருமான வரி வாரியத்தின் முன் நிற்க முடியாது. முறையான பதிவுகளை வைக்கத் தவறினால் 300 வெள்ளி முதல் 10,000 வெள்ளி வரை அபராதம், அல்லது ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்க இடமுண்டு. "கணினி கெட்டுவிட்டது" என்பது அங்கே காரணமாகாது. ஆகவே ஒரு பிரதியைக் கடைக்கு வெளியேயும் வையுங்கள்.

வாரம் அரை மணி நேரம்

வாரத்துக்கு ஒரு நாள், சனிக்கிழமை என்று வைத்துக்கொள்ளுங்களேன், அரை மணி நேரம் ஒதுக்குங்கள். ரசீதுப் புத்தகத்தின் கடைசி எண்ணும் கணினியின் கடைசி எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். நடுக்கணக்கின் இருப்பும் கல்லாவில் உள்ள பணமும் ஏறக்குறைய ஒன்றா என்று பாருங்கள். யார் பெயரிலாவது கழித்தல் குறி நிற்கிறதா என்று பாருங்கள். இந்த மூன்றும் சரியாக இருந்தால் நிம்மதியாகக் கடையைப் பூட்டலாம். மாதம் ஒரு முறை வங்கி அறிக்கையோடு வரி வரியாக ஒப்பிட்டு முடித்துவிடுங்கள். பாக்கிப் பட்டியலை அதற்குப் பிறகுதான் அனுப்ப வேண்டும்.

பார்வையாளர் கேள்விகள்

கேள்வி: ஐயா, இப்போது மின் விலைப்பட்டியல் வந்துவிட்டது. எல்லாம் வருமான வரி வாரியத்தின் கணினியிலேயே இருக்குமே. இனி ரசீதைப் பற்றி இவ்வளவு கவலைப்பட வேண்டுமா?

பதில்: நல்ல கேள்வி. மின் விலைப்பட்டியல் முறை 2024 ஆகஸ்டு 1ஆம் தேதி, ஆண்டு விற்பனை 10 கோடி வெள்ளிக்கு மேற்பட்ட நிறுவனங்களோடு தொடங்கி, படிப்படியாக மற்றவர்களுக்கும் விரிவாக்கப்பட்டது. ஆனால் கடன் விற்பனையில் அது காட்டுவது விற்பனையை. பணம் வந்ததா என்பதை உங்கள் கணக்குதான் சொல்ல வேண்டும். அதோடு, மின் விலைப்பட்டியல் கேட்காத சில்லறை வாடிக்கையாளர்களுக்கு வழக்கமான ரசீது கொடுத்து, மாதம் முடிந்து ஏழு நாளுக்குள் அவற்றைத் தொகுத்து அனுப்ப வேண்டியிருக்கிறது. ரசீது விட்டுப்போனால் தொகுப்பும் தப்பாகும். அங்கீகாரம் பெற்ற மின் விலைப்பட்டியலை ரத்து செய்ய 72 மணி நேரம்தான் அவகாசம். அதற்குப் பிறகு திருத்தம் என்றால் வரவுக் குறிப்பு போன்ற தனி ஆவணம் போட வேண்டும். ஆகவே முன்பைவிடக் கவனம் கூடுதலாகத்தான் வேண்டும்.

கேள்வி: நாங்கள் சாமான் வாங்கும் இடத்தில் கொடுக்கும் ரசீதுகளைக் கைப்பேசியில் படம் எடுத்து மென்பொருளுக்கு அனுப்புகிறோம். ஆண்டு முடிவில் பாதியைக் காணோம். ஏன்?

பதில்: படம் போய்ச் சேர்ந்திருக்கும். பெரும்பாலும் 'சரிபார்க்க வேண்டியவை' என்ற பட்டியலில் காத்துக்கொண்டிருக்கும். நீங்கள் திறந்து, தொகையும் தேதியும் சரிதானா என்று பார்த்து ஏற்றுக்கொண்டால்தான் அது செலவுக் கணக்கில் ஏறும். இல்லையென்றால் வெறும் படமாகவே இருக்கும். இன்னொன்றும் சொல்கிறேன். பெட்ரோல் நிலையத்திலும் பேரங்காடியிலும் தருவது வெப்பத்தாள். காரின் முன்கண்ணாடிக்குக் கீழே வைத்தால் நம் வெயிலுக்குச் சீக்கிரமே எழுத்து மங்கிவிடும். வாங்கிய அன்றே படம் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: நான் வீட்டிலிருந்தே விருந்துச் சமையல் எடுத்துச் செய்கிறேன். சிலர் டூயிட்நவ் வழியாக என் கணவர் கணக்குக்குப் பணம் போட்டுவிடுகிறார்கள். அந்த ரசீதெல்லாம் என் மென்பொருளில் வருவதே இல்லை. என்ன செய்வது?

பதில்: அம்மா, உங்கள் தொழிலுக்கென்று ஒரு வங்கிக் கணக்கைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கணக்கின் குறியீட்டை மட்டும் வாடிக்கையாளர்களுக்குக் கொடுங்கள். அதுவரை உங்கள் கணவர் கணக்குக்கு வந்த பணத்துக்கும் அன்றைய தேதியிலேயே ரசீது போடுங்கள். பணம் வங்கிக்கு வரவில்லை, உரிமையாளர் குடும்பத்தின் கையில் இருக்கிறது என்று காட்ட மென்பொருளில் 'உரிமையாளர் கணக்கு' இருக்கும். அதில் வையுங்கள். பிறகு அவர் உங்கள் கணக்குக்கு மாற்றும்போது அங்கிருந்து வங்கிக்கு மாற்றுங்கள். அதைப் புதிய விற்பனையாக மட்டும் போட்டுவிடாதீர்கள்.

முடிவாக ஒன்று. நம் சிறு கடைகளில் ஊழியர் என்றால் பாதிப்பேர் உறவுக்காரர்கள், மீதிப்பேர் பல ஆண்டுகளாக நம்மோடு இருப்பவர்கள். "காசு எங்கே?" என்று அவர்களைக் கேட்பதற்கு முன்னால் ரசீதுப் புத்தகத்தையும் வங்கிச் சிலிப்பையும் எடுத்து மேசையில் வையுங்கள். தொகையைக் கொடுத்துத் தேடுங்கள். ஐந்து இடங்களையும் பாருங்கள். அதற்குப் பிறகும் பணம் கிடைக்கவில்லை என்றால் கேளுங்கள், தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள்.